ஒளித்து வைத்த மஞ்சள் முக்கோணம்

அலுவலகத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற வேலை. அந்தக் குறையையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பேசித் தீர்த்துக்கொள்வாள். மருந்தைச் சுமந்துபோகும் நானோ துகள்கள் உடம்பில் எந்த உறுப்பைக் கெடுக்கும் என்று, எலிக்குச் செலுத்தும் முன்பே கணித்துச் சொல்லும் மென்பொருள் அவள் எழுதியது. திரையில் பச்சை வந்தால் தைரியமாகப் போகலாம். பச்சையோடு கூடவே மஞ்சள் முக்கோணமும் வந்தால் நின்று யோசிக்க வேண்டும்.

ஒருமுறை மென்பொருளை விலைக்கு வாங்குவதற்காகப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். "இந்த மஞ்சளப் பாத்தா மிரண்டுருவாங்கம்மா. கொஞ்சம் கண்ணுல படாம வையேன்" என்றார் மேலாளர். அவளும் அதை உள்ளே எங்கோ ஒரு பக்கத்தில் ஒளித்தாள். வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். முக்கோணத்தைப் பழைய இடத்தில் வைக்க அவள் அடியோடு மறந்துபோனாள்.

பிறகு வந்த புதிய துகள் ஒன்றுக்குத் திரை பச்சை காட்டியது. ஊசி அறையில் வேலை பார்க்கும் அக்கா அதைக் கலக்கி எலிகளின் வாலில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் எலிகளுக்கு மூச்சு வாங்கியது. சில செத்தும் போயின.

கூட்டம் போட்டார்கள்.

"நீங்கதானே கலக்குனீங்க? அளவு சரியாப் பாத்தீங்களா?" என்று மேலாளர் அக்காவைக் கேட்டார்.

"பாத்துதான் சார் கலக்குனேன்."

"அப்போ எலி சும்மாவா செத்துச்சு?"

யாரோ சிரித்தார்கள். வாயாடிக்குப் பொறி தட்டியது. துகள் ரத்தத்தில் கட்டி தட்டி நுரையீரலை அடைத்திருக்கும். முக்கோணம் எச்சரித்திருக்க வேண்டியது அதைத்தான். வாயெடுத்தவள், மேலாளர் தன் பக்கம் திரும்பியதும் குனிந்து குறிப்பேட்டைப் புரட்டினாள். அக்கா தலை குனிந்தபடி எழுந்து போனாள்.

வீட்டில் அவள் பேசாமல் சாப்பிடுவதைப் பார்த்து, "என்ன, ரேடியோ ரிப்பேரா?" என்றான் கணவன். நடந்ததைச் சொன்னாள். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"மறந்தது சரி. அங்க ஏன் வாயத் திறக்கல?"

அவள் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

காலையில் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "சரி, மாத்திடு. பெருசு பண்ணாத" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். திட்டியிருந்தாலும் தேவலை என்றிருந்தது.

ஊசி அறையில் அக்கா தராசில் எதையோ நிறுத்து, துடைத்து, மறுபடியும் நிறுத்துக்கொண்டிருந்தாள். வாயாடி ஒன்று விடாமல் சொன்னாள்.

அக்கா கையுறையைக் கழற்றினாள். "கூட்டத்துலயே உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்க்கா. மன்னிச்சிருங்க."

"என் கையவே நான் நம்பாமப் போயிட்டேன். வேலைய விட்டுரலாமான்னு வீட்ல கேட்டுட்டு வந்திருக்கேன். நீ இங்க வந்து சொல்ற. சிரிச்சாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்றது?"

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் வாயாடி எழுந்து நின்றாள். முக்கோணத்தை ஒளித்தது முதல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சிரித்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். "ஐயோ பாவம், அக்கா" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவ்வளவுதான்.

முக்கோணம் இப்போது திரையின் நடுவில் வருகிறது. அதைப் படித்ததாக ஒப்புக்கொள்ளாமல் மேலே போக முடியாது. அக்காவும் வேலையை விடவில்லை. ஆனால் வாயாடியை இப்போதெல்லாம் 'டி' போட்டுக் கூப்பிடுவதில்லை. "மேடம், ரிசல்ட் வந்திருக்கு, பாருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். கேட்கும்போதெல்லாம் வாயாடிக்கு முகம் சுடுகிறது.