துரையின் மீனுக்கு வந்த வெள்ளைப் புள்ளி

பசறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்துக்காரனாக மூன்று துரைமாரின் கீழ் வேலை செய்தேன். முதலாமவர் குடிப்பார். மூன்றாமவர் கத்துவார். நடுவில் வந்தவர் மீன் வளர்த்தார். மூவரிலும் நான் இன்றுவரை மிகக் கேவலமாக நினைப்பது இந்த மீன்காரரைத்தான்.

அறுபதுகளின் கடைசியில் வந்தார். கொழும்பில் பெரிய வீட்டுப் பிள்ளை. முப்பது தாண்டிய வயது. மனைவி, எங்களுக்குத் துரைசானி, வருடத்தில் ஒரு மாதம் வந்து, குளிர் என்று சொல்லிப் போய்விடுவார். தோட்டத்துக் குளத்தில் கெண்டை வளர்த்திருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவருக்குக் கடல் மீன்தான் வேண்டும். மலைக்கு மேல், பனியில், கடல் மீன்.

பங்களா ஹோலில் இரும்புக் கால்களின் மேல் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்குத் தண்ணீர் பொத்துவில் கடலிலிருந்து பால் கேன்களில் வந்தது. கொண்டுவந்தது தோட்டத்து லொறி. ஆட்களுக்கு அரிசி ஏற்றப் பதுளைக்குப் போகும் அதே லொறி. கடல் நீர் வரும் வாரம் அரிசி இரண்டு நாள் பிந்தும். ஆட்கள் குடியிருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆனால் மீன் மூச்சு விடுவதற்காக பங்களாவில் ஒரு சின்ன மோட்டார் இரவு பகலாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரைச் சூடாக வைக்க வேறொரு கருவி. ஒரு காம்பரா அறைக்குள் எட்டுப் பேர் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கிய தோட்டம் அது.

பெரிய கிளாக்கர் மாதக் கணக்கோடு பங்களாவுக்குப் போகும்போதெல்லாம் தொட்டி முன்னால் குனிந்து நிற்பார். "சேர், இந்தச் செவப்பு மீன் ஒங்களப் பாத்தா மட்டுந்தான் சிரிக்குது" என்று ஒருநாள் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். துரை அதை நம்பினார். அதுதான் எனக்கு வியப்பு.

ஒரு மாதம் கொழும்பிலிருந்து புது மீன்கள் வந்தன. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டி போட்ட நான்கு மீன்கள், காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில். புது மீனை மூன்று வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய மீன்களோடு விட வேண்டும் என்று அவருடைய ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துக்குக் கீழே அவரே பென்சிலால் கோடு போட்டிருந்ததைப் பின்னால் நான் கண்டேன். ஆனால் சனிக்கிழமை பண்டாரவளையிலிருந்து கிளப் நண்பர்கள் சாப்பிட வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலையே நான்கையும் தொட்டியில் கொட்டிவிட்டார். விருந்தினர் பார்த்தார்கள், புகழ்ந்தார்கள், குடித்தார்கள், போனார்கள். பத்தாம் நாள் மீன்களின் மேல் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன.

அன்று காலை ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டு முடிந்து, டிஸ்பென்சரி வராந்தாவில் இருபது பேர்போல உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், நான்கு வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு. அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும். வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, கண்ணிமையின் உட்புறம் காகிதம்போல வெளுத்திருந்தது. மண் தின்கிற பிள்ளை. கொக்கிப்புழு குடலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே கதைதான். வெறுங்காலோடு நடக்கிற மண்ணிலிருந்தே புழு ஏறிவிடும். வயிற்றுப் பூச்சி மருந்து கேட்டு நான் இரண்டு தடவை எழுதி அனுப்பியிருந்தேன். இரண்டு தடவையும் துரை சிவப்பு மையால் குறுக்கே அடித்து, 'அவசரமில்லை' என்று எழுதித் திருப்பியிருந்தார்.

அப்போது பங்களா சமையல்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"டொக்டரய்யா, தொர ஒடனே வரச் சொன்னாரு. மீனுக்கு நோவு."

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அய்யா, இந்தப் புள்ள மூணு நாளா எந்திரிக்கவே இல்லீங்க. ஒரு வாட்டி பாத்துட்டுப் போங்க."

"இரும்மா, இப்ப வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஐந்து நிமிட வேலைதான், பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சப்பாத்தைத் துடைத்துக் காலில் போட்டுக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பங்களாவில் துரை எனக்கு நாற்காலி போட்டார். நான்கு வருடத்தில் முதல் தடவை. தோட்டத்தில் வாந்திபேதி வந்தபோதுகூட நான் வாசற்படிக்குக் கீழே நின்றுதான் விவரம் சொன்னேன். ஆட்களோடு அவர் பேசுகிற தமிழில் 'வா, போ, எடு, வை' என்ற நான்கு சொற்களுக்கு மேல் இல்லை. என்னோடு ஆங்கிலம், அதிலும் பாதி அதட்டல். அன்று குரல் நடுங்கியது.

"பாருங்கள், உடம்பைக் கல்லில் உரசுகிறது. சாப்பிடவில்லை. பார்க்கவே முடியவில்லை."

பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். தோலுக்குள் புதைந்த சின்னச் சின்ன முத்துகள். மீனின் செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. மீன்மேல் எனக்குக் கோபமில்லை. அது தானாக மலையேறி வரவில்லை.

பஞ்சில் மருந்து தோய்த்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைக்கச் சொன்னார். ஈரத் துணியில் மீனைப் பிடித்துக்கொண்டு நான் ஒன்றிரண்டு துடைத்தேன். பெரிய கிளாக்கர் கிண்ணம் பிடித்தார். சமையல்காரர் துண்டு பிடித்தார். துரை தலையைத் திருப்பிக்கொண்டார். நான்கு ஆண்கள், ஒரு விரல் நீள மீன். பிறகு அவருடைய புத்தகத்தை வாங்கி நானே படித்தேன். புள்ளி என்பது ஓர் ஒட்டுண்ணி; மீனின் உடம்பில் இருக்கும்போது அதை எந்த மருந்தும் தொடாது. முற்றியதும் உதிர்ந்து, மணலில் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அந்த நீந்தும் நேரத்தில்தான் சாகும். அதற்குச் செம்பு மருந்து, மூன்று வாரம் விடாமல். செம்பு எங்களுக்குப் புதிதல்ல. தேயிலையில் கொப்புள நோய் வந்தால் அதைத்தான் அடிப்பார்கள். செம்பு உப்பான மயில்துத்தம் என் அலமாரியிலேயே இருந்தது.

"சேர், தொட்டியில் அந்தப் பூப்போல விரிகிற பிராணியும் இறாலும் இருக்கின்றன. செம்பு அவற்றுக்கு ஆகாது. மருந்து அடித்த மலைக்குக் கீழே ஓடையில் நத்தையெல்லாம் சாவதைப் பார்த்திருக்கிறேன். மீன்களை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு—"

"வேறு தொட்டியில் எப்படி அழகாகத் தெரியும்? போடுங்கள்."

போட்டேன். மயில்துத்தத்தை மருந்துத் தராசில் நிறுத்து, கரைத்து, துளித் துளியாக ஊற்றினேன். டிஸ்பென்சரிக்குத் திரும்பும்போது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. வராந்தா காலி. அந்தப் பெண் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பசறை ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விட்டதாகச் சொன்னார்கள். குழந்தையை அங்கே படுக்க வைத்துக்கொண்டார்கள். இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பிழைத்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மலைப்பாதையில் நான் நடந்தபோது கொழுந்துக் கூடையோடு அந்தப் பெண் எதிரே வந்தாள்; ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குத் துணையாக அவள் தாய் இருந்தாள். ஒதுங்கி நின்றாள். மரியாதைக்குக் குறைவில்லை.

"அய்யா, மீனுக்கு எப்படிங்க இருக்கு? காச்ச வுட்டுருச்சுங்களா?"

பின்னால் வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் நடையை எட்டிப் போட்டேன். காது எரிந்தது. அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை துரை பெருமிதத்தில் இருந்தார். பூப்போன்ற பிராணி அழுகி நாறி, இறால்கள் வெளுத்துச் செத்திருந்தாலும், மீன்களின் உடம்பில் புள்ளிகள் உதிர்ந்து சுத்தமாகியிருந்தன. உதிர்ந்தவை மணலில் கூடு கட்டியிருக்கும் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"இனிமேல் எது வேண்டுமானாலும் எழுதுங்கள். மீனுக்கென்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்து, மேலே 'மீன் தொட்டிக்கு' என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் எழுதினேன். மயில்துத்தம், அளவுக் குழாய், பஞ்சு. அவற்றுக்குக் கீழே தோட்டத்தின் மூன்று டிவிஷன் பிள்ளைகளுக்கும் போதுமான பூச்சி மருந்தும், இரும்புச் சத்து மருந்தும். துரை மீனைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தாளைப் பார்க்கவில்லை.

பதுளையில் மருந்துக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி பட்டியலை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்ன டொக்டர், இவ்வளவு பூச்சி மருந்து? தொர திமிங்கிலமா வளக்கிறாரு?"

"ஆமாங்க முதலாளி. முந்நூறு திமிங்கிலம். லயத்துல இருக்கு."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு உள்ளே போய், கேட்டதற்கு மேல் இரண்டு போத்தல் கொண்டுவந்து பெட்டியில் வைத்து, பட்டியலில் எழுதாமல் கயிறு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் வரச் சொல்லி மூன்று டிவிஷன் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுத்தேன். தாய்மார் காதைத் திருகிப் பிடித்துக் குடிக்க வைத்தார்கள். அடுத்த நாள் வந்து என்னென்ன விழுந்தது என்று விரலை நீட்டிக் காட்டினார்கள். ஒருத்தி தேங்காய்ச் சிரட்டையில் கொண்டே வந்துவிட்டாள். சில வாரங்களில் பிள்ளைகளின் முகத்தில் நிறம் வந்தது. என் வேலைக்காலத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

துரையோ ஐந்தாம் நாளே செம்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். தண்ணீரில் நீலம் தட்டுகிறதாம். ஐந்து நாளில் நோய் போய்விட்டதாம். கூடுகள் பொரிந்தன. இந்தத் தடவை ரவை இல்லை, மாவு பூசியதுபோல வந்தது. மறுபடி கூப்பிட்டார். நாற்காலியும் போட்டார். நான் சொன்ன எதற்கும் நேரம் இருக்கவில்லை. மூன்று நாளில் ஒவ்வொன்றாக மிதந்தன. துரையைப் பார்த்து மட்டும் சிரித்த சிவப்பு மீன்தான் கடைசி. துரை அழுதார். உண்மையாகவே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். வாந்திபேதியில் ஆறு பேர் செத்த வாரம் அவர் டென்னிஸ் ஆடப் போனதை நான் நினைத்துக்கொண்டேன்.

தொட்டித் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. தோட்டக்காரர் துரைசானியின் ரோஜாப் பாத்தியில் கொட்டினார். ஒரு வாரத்தில் ரோஜாக்கள் உப்பில் கருகின. தெரியாமல் செய்தாரா, தெரிந்தேதானா என்று நான் கேட்டதில்லை.

மாத முடிவில் பெரிய கிளாக்கர் பட்டியலைக் கண்டுபிடித்து துரையிடம் ஓடினார். வேலை போகும் என்று நினைத்தேன். என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டார்கள். துரை தாளைப் படித்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பெரிய பகிடி அவருக்கு. அடுத்த கிளப் கூட்டத்தில் அதைக் கதையாகவே சொன்னாராம். ஆனால் கதையில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கச் சொன்னவர் அவர். மீன் கணக்கில் எழுதும் யோசனையும் அவருடையது. கம்பெனிக்காரர் ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தாராம்.

என்னை மட்டும் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். 'கவனக் குறைவால் தவறுதலாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.' பெரிய கிளாக்கர் வாசகம் சொன்னார், நான் எழுதினேன். மறுக்கலாம் என்று தோன்றியது. அம்மாவும் தங்கைகளும் இருந்த வீடு நினைவுக்கு வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த தடவை பூச்சி மருந்து கேட்டபோது அந்தக் கடிதத்தைக் காட்டியே மறுத்தார்கள். கக்கூசும் இல்லை, செருப்பும் இல்லை. வருடம் முடிவதற்குள் பிள்ளைகளின் வயிறு மறுபடி உப்பியது.

அடுத்த வருடம் துரைக்கு ஹல்துமுல்லைப் பக்கம் பெரிய தோட்டம் கிடைத்தது. பிரியாவிடைக்கு ஆட்கள் மாலை போட்டார்கள். அது வழக்கம். வாழ்த்துப் பத்திரத்தைப் பெரிய கிளாக்கர் எழுதியிருந்தார். ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். வாயில்லா ஜீவன்களிடமும் தொழிலாளர் பிள்ளைகளிடமும் துரை அவர்கள் காட்டிய அன்பு என்று ஒரு வரி அதில் இருந்தது. தடுமாறாமல் வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.