நான் படிக்காமல் விட்ட நான்கு வரிகள்

நானெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எட்டாவது வரைதான் படித்தேன். இருபத்தெட்டு வருஷமாக நான் எழுதியதெல்லாம் கூட்ஸ் வேகன்களின் நம்பர்கள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் எங்கள் கொருக்குப்பேட்டைப் படிப்பகத்தின் நோக்கம் என்ன, அதன் விதிகள் எப்படி வந்தன என்று எழுதித் தரச் சொல்லி இப்போதைய கமிட்டிக்காரர்கள் மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆரம்ப காலத்து ஆட்களில் எழுதத் தெரிந்தவன் நான்தான் மிச்சம். நோக்கத்தை மட்டும் தனியாக எடுத்து எழுத எனக்குத் தெரியவில்லை. அடிதடியைச் சொன்னால்தான் அது வரும்.

முதல் அடி வாங்கியவன் நான்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் போக இடமில்லாதவர்கள். நான் யார்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்து நிற்கும் வேகன்களின் நம்பரைப் பார்த்து ஒரு நீளப் புத்தகத்தில் குறித்துக்கொள்வதுதான் வேலை. ஒரு மத்தியானம் குடிசைகளுக்குப் பின்பக்கத்து லைனில் நின்று குறித்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் இருந்த பெண்கள் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார்கள். கைவண்டி இழுக்கும் ஒருவர் முன்னால் வந்தார்.

"இன்னாத்த எய்திகினு கீறே?"

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை.

"உன்னத்தாண்டா கேக்கறேன்."

அப்போதும் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "வாயத் தொறக்கறானா பாரு. நம்ம பாஷை தெரியல. ஜப்பான்காரன் அனுப்ச்ச ஆளு" என்றது. அவ்வளவுதான். கைவண்டிக்காரர் வண்டிக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையால் என் வாயில் அடித்தார். முன்பற்கள் இரண்டு போயின. விழுந்தவனை மிதித்ததில் காறை எலும்பு முறிந்தது. யாரோ கயிறு கொண்டு வரப் போனார்கள். கயிறு எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. அப்போதும் நான் ரயில்வேக்காரன் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. வாய் முழுக்க ரத்தம்.

வண்ணாரப்பேட்டையில் தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர், தமக்கு வரவேண்டிய வேகனைத் தேடி அந்தப் பக்கம் வந்தார். கீழே கிடந்த புத்தகத்தை எடுத்தார். அட்டையில் பெரிய எழுத்தில் ரயில்வே வேகன் நம்பர் புத்தகம் என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது. அதை உரக்கப் படித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். அத்தனை பேர் நின்றார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. கயிறு கொண்டுவந்தவர் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து, மதுவிலக்கு வந்து, எங்கள் தெருமுனைக் கள்ளுக்கடை மூடிக் கிடந்தது. பாய் அதை வாடகைக்கு எடுத்து இரண்டு பெஞ்சும் ஒரு கண்ணாடி அலமாரியும் போட்டார். எல்லாக் கட்சிப் பேப்பரும் வரவழைத்தார். சுவரிலிருந்து கள் வாடை போக ஒரு வருஷம் ஆனது. பழைய ஞாபகத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டு, "இன்னாது, ஒண்ணும் இல்லியா, காய்தம்தானா" என்று எழுந்து போனவர்கள் உண்டு. உட்கார்ந்தபடியே கேட்க ஆரம்பித்தவர்களும் உண்டு.

நோக்கத்தைப் பாய் ஒரே தடவை சொன்னார், திறந்த அன்று. "யாரோ சொன்னான்னு கேட்டுக்கிட்டு ஒருத்தன் மேல கை ஓங்கக் கூடாது. அதுக்கு முன்னாடி இங்க வந்து என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பார்த்த பிறகும் அடிக்கணும்னா அது உங்க பாடு." இதைவிடப் பெரிதாக ஒரு நோக்கம் இருந்ததாக எனக்குத் தெரியாது.

விதிகளைத் தாரால் சுவரில் எழுதி வைத்தோம். உள்ளே வருகிறவரிடம் பெயர், தெரு, சாதி, மதம், சங்கம் எதுவும் கேட்கக் கூடாது. வந்தவரை வெளியே போகச் சொல்லக் கூடாது. எந்தப் பேப்பரையும் ஒதுக்கக் கூடாது. உரக்கப் படிக்கிறவர் ஒரு வரி விடாமல், ஒரு வரி சேர்க்காமல் படிக்க வேண்டும். கடைசி விதி எங்கள் பேட்டைக்கு மட்டும் உரியது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் இரும்புக் கொக்கி செருகியிருப்பார்கள். மூட்டையில் குத்தி இழுக்கத்தான் அது, ஆனால் மூட்டையில் மட்டும் குத்தியது கிடையாது. அதனால் வாசலுக்கு வெளியே வரிசையாக ஆணி அடித்து, கொக்கியை அங்கே மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வைத்தோம். மாலை ஆறு மணிக்கு அந்த ஆணிகளைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பேர் என்று தெரியும்.

படிக்கிற வேலை எனக்கு வந்தது. பேசத்தான் கூச்சம், கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு படிப்பதில் கூச்சமில்லை. பல் போனதால் சில எழுத்துகள் காற்றாக வரும். முதல் வாரமே அந்தக் கைவண்டிக்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு அடித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் கழித்து, "அந்தப் பொஸ்தகத்து அட்டைல எய்தி இருந்திச்சே, அத்த எய்திக் காட்டு நைனா" என்றார். எழுதிக் காட்டினேன். அந்த எழுத்துகளில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். நான் படிக்கும்போது பத்தியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். என் வேகத்துக்கு வர முடியாது. நாலைந்து வரி பின்னால் இருப்பார்.

அப்புறம் கூட்ஸ் ஷெட் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்றாவது வாரத்தில் அது முற்றிப்போனது. காண்ட்ராக்டர் கொண்டுவந்த அடியாட்கள் சைக்கிள் செயினைச் சுழற்றிக்கொண்டு கேட்டில் நின்றார்கள். கூலிகள் லைனில் கிடந்த ஜல்லியை எறிந்தார்கள். ஒருவருக்குக் கண் போனது. நிறுத்தத்தை மீறி வேலைக்குப் போன ஒருவரின் உள்ளங்கையில், அவர் பிடித்திருந்த மூட்டையோடு சேர்த்துக் கொக்கியை இறக்கினார்கள்.

அப்படி மீறிப் போனவர்களில் ஒருவர் தினமும் ஆறு மணிக்குப் படிப்பகத்துக்கு வந்துகொண்டிருந்தார். குள்ளமான, ஒடிசலான ஆள். அவருடைய தம்பி மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தான். அங்கே துப்பாக்கிச் சண்டை. எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. மலேயா என்று பேப்பரில் எங்கே வந்தாலும் அவர் இரண்டாம் தடவை படிக்கச் சொல்வார். நன்றாகக் காதில் விழ வேண்டும் என்று என் காலடியிலேயே குந்துவார்.

கூலிகளுக்குத் தலைமையாக இருந்தவர் ஒரு நெட்டை மனிதர். அவரும் தினமும் வருவார். ஒருநாள் பாயிடம் கேட்டுவிட்டார்.

"பாய், இந்தக் கருங்காலிய வெளிய அனுப்பு."

"உள்ள வந்து சத்தம் போட்டாரா? பேப்பரைக் கிழிச்சாரா?"

"எங்க சோத்துல மண்ணு போட்டுகினு கீறான்."

"அது வெளியில நடக்குறது. வெளியில உங்களைத் தடுக்க என்னால முடியாது. உள்ள இருக்கிறவரைப் போகச் சொல்றதும் என்னால முடியாது."

"அப்ப சரி. வெளிய வராமயா பூடுவான்" என்றார் நெட்டையர்.

குள்ளமானவர் தலை தூக்காமல், "வூட்ல மூணு உசிரு கீது. வேலைக்குப் போனேன், இல்லேன்னு சொல்லல. பேப்பர் கேக்கறதுகூட தப்பா" என்றார். அன்றிலிருந்து படித்து முடித்ததும் பாய் அவர் தோளில் கையைப் போட்டு வீடு வரை நடத்திக்கொண்டு போனார். பாயின் கை இருக்கிற தோளில் யாரும் கை வைக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

கேட்டில் நடந்த சண்டையில் நெட்டையரின் மச்சான், அக்காள் புருஷன், மூன்று நாளாகக் காணாமல் போயிருந்தார். போலீஸ் பிடித்துப் போயிருக்கும் என்று பேச்சு. அன்று நெட்டையர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே முப்பது பேருக்கு மேல். எல்லோரும் அவர் ஆட்கள். விளக்கேற்றும் நேரத்தில் பாய் வழக்கம்போலத் தொழுகைக்குப் போனார். நான் படித்து முடிப்பதற்குள் திரும்பிவிடுவார்.

பேப்பரின் மூன்றாம் பக்கத்தில், கீழே, சின்ன எழுத்தில் நான்கு வரி. கூட்ஸ் ஷெட் கலவரத்தில் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அடையாளம் தெரியாத கூலி இறந்துவிட்டார். வலது முன்கையில் தேள் பச்சை குத்தியிருந்தது. நெட்டையரின் மச்சான் கையில் இருந்த அந்தத் தேளைத் தெரியாதவர் யார்டிலேயே கிடையாது.

என் கண் அதை முன்னாலேயே பார்த்துவிட்டது. காலடியில் குள்ளமானவர் மலேயா செய்திக்காகக் காத்திருந்தார். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் முப்பது பேர். பாய் வரட்டும், இவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும், அப்புறம் நெட்டையரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான்கு வரியை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அந்த அறையில் அதுவரை நான் ஒரு வரிகூட விட்டதில்லை.

கைவண்டிக்காரரின் விரல் நின்றது.

"இன்னா நைனா, இங்க நாலு வரி வுட்டுட்டியே" என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. தானே படித்துவிடலாம் என்ற ஆசை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். "வ-ல-து. மு-ன்... முன்கை. தே... தேள். ப-ச்-சை."

நெட்டையர் எழுந்து நின்றார்.

"இன்னா எய்தி கீது. படி" என்றார் நெட்டையர்.

படித்தேன்.

"இத்த ஏன் தாண்டிப் போன?"

குழாயடியில் நடந்ததேதான். நாக்கு எழும்பவில்லை. நெட்டையர் என்னைப் பார்த்தார், என் காலடியில் இருந்தவரைப் பார்த்தார்.

"பேமானி. இவனுக்காவ மறைச்சியா. நீயும் காண்ட்ராக்டர் துட்டு வாங்கிகினுதான் படிக்கிறியா."

முதல் குத்து எனக்கு. மூக்கு உடைந்தது. பேப்பரோடு பெஞ்சிலிருந்து விழுந்தேன். அதற்குள் நாலைந்து பேர் குள்ளமானவரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். அந்த வெறியிலும் அவரை உள்ளே வைத்து யாரும் அடிக்கவில்லை. "வெளிய, வெளிய இஸ்துகினு வா" என்றுதான் கத்தினார்கள். அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. நான் தரையில் கிடந்தபடியே அவருடைய இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவரோடு சேர்த்து என்னையும் வாசற்படி வரை இழுத்தார்கள். ஒருவன் என் விரல்கள் மேல் ஏறி நின்று மிதித்தான். கை விட்டுப்போயிற்று.

ஆணியிலிருந்து கொக்கிகள் இறங்கிய சத்தம் கேட்டது. நெட்டையர் கையில் ஒன்று இருந்தது. குள்ளமானவர் குப்புற விழுந்து கிடந்தார். கொக்கி தோள்பட்டைக்குக் கீழே இறங்கியது. சாக்கு மூட்டையில் குத்துகிற சத்தம்தான், வேறு சத்தமாக இல்லை. இழுத்து எடுத்து மறுபடியும் ஓங்கினார். அப்போது கைவண்டிக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் கையின் மேல் இறக்கினார். எலும்பு முறிந்தது. கொக்கி கீழே விழுந்தது. பெஞ்சும் இரண்டானது. மற்றவர்கள் அவர் மேல் பாய்ந்து வயிற்றில் உதைத்தார்கள்.

பாய் ஓடி வந்தபோது, மீறி வேலைக்குப் போன மற்றவர்களும் சத்தம் கேட்டு வந்துவிட, தெருவில் இரண்டு பக்கமும் கல் பறந்துகொண்டிருந்தது. ஒரு கல் அவர் நெற்றியைப் பிளந்தது. தொப்பி ரத்தத்தில் ஊறியது. அவர் படியில் ஏறி நின்று, "அவரை உள்ள தூக்கிட்டு வாங்க" என்றார். நெட்டையர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்து, "மச்சான், மச்சான்" என்று அழ ஆரம்பித்திருந்தார். அவர் அழுததும் சுற்றி நின்றவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். நானும் கைவண்டிக்காரரும் குள்ளமானவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டோம். கிழிந்த பேப்பர்களைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினோம். வேறு துணி இல்லை.

"நீ படிச்சிருக்கணும் நைனா" என்றார் கைவண்டிக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"தெரியும்."

"நானாச்சும் வாய மூடிகினு இருந்திருக்கலாம். கசுமாலம், எனக்கு எதுக்கு எய்த்து."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் பாய்.

போலீஸ் வந்து தெருவில் இருந்தவர்களையும் உள்ளே இருந்தவர்களையும் ஒன்றாகவே தடியால் அடித்தது. அந்த அடியில் எனக்கு எது எங்கே விழுந்தது என்று நினைவில்லை.

எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வரிசைப்படி படித்திருந்தால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். செத்தவர் மேல் போக வேண்டிய நினைப்பை, நான் யாருக்காக மறைத்தேனோ அவர் மேல் திருப்பிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். என்னை ஜப்பான்காரன் ஆள் என்று சொன்னவரும் ஊரைக் காப்பாற்றுகிற எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஒரு வரி விடக் கூடாது என்ற விதியைப் புதுக் கமிட்டி எடுத்துவிட வேண்டாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மறுநாள் காலை நெட்டையரின் மச்சானை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கையில் கட்டோடு நெட்டையரைப் போலீஸ் கூட்டி வந்து, கொள்ளி வைத்து முடிந்ததும் திரும்பக் கூட்டிப் போனது. குள்ளமானவர் பிழைத்துக்கொள்வார், வலது கை விளங்காது என்று டாக்டர் சொன்னார். மாலை ஆறு மணிக்குப் படிப்பகம் திறந்தது. ஏழு பேர் வந்தார்கள். பாய் தலையில் கட்டோடு படித்தார். மலேயா பற்றி ஒன்றும் வரவில்லை.