சிவப்புப் பொட்டு வைத்த தட்டுகள்

போடியில் ஏலக்காய் பொறுக்கப் போன காலத்தில் எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. யாராவது சிரித்தால் எதற்கு என்று யோசிப்பேன். சும்மா ஒன்றைக் கொடுத்தால் பதிலுக்கு என்ன கேட்கப்போகிறார்களோ என்று வாங்கவே மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். அதற்குக்கூட வீட்டில் சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை.

அப்போது என் மகளுக்கு மூன்று வயது. அவளை ஏலக்காய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், காய் புடைக்கிற சுளகுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காரவைத்துக் காய் பொறுக்குவேன். ஒருநாள் அவள் தரம் பிரித்த காய்க்குள் புகுந்து எல்லாவற்றையும் கலந்துவிட்டாள். "இனிமே பிள்ளையோட வாறதா இருந்தா வேலைக்கு வராத" என்றார் முதலாளி. எங்கள் காலனியில் சிலர் பிள்ளையின் காலைக் கட்டிலில் கட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளுமோ என்று நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்த நேரத்தில்தான் கடைப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். காலனிப் பெண்களோடு மேலத்தெருப் பெண்களும் இருந்தார்கள். மேலத்தெருவில் நிலம் கைவிட்டுப் போன சம்சாரிக் குடும்பங்கள் நிறைய. பசி இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான். ஆனால் டீக்கடையில் எங்கள் கிளாஸ் மட்டும் வெளியே ஆணியில் தொங்கும். காலியாகக் கிடந்த பழைய சரக்குக் கிட்டங்கியில் பிள்ளைகளை விட்டுவிடுவது, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, முறை வைத்துக் கஞ்சி காய்ச்சுவது, அவரவர் வீட்டுத் தட்டுகளைப் பொதுவில் போடுவது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசை என்று பேசி முடித்தார்கள். பேச்சை முன்னால் நின்று நடத்தியவர் ஒரு மேலத்தெருப் பெண். "இனிமே ஆத்தா, நாச்சியான்னு கூப்பிடக் கூடாது. அக்கான்னுதேன் கூப்பிடணும்" என்றார். அந்த 'அக்கா' என் வாயில் வர ரொம்ப நாளாயிற்று.

எனக்கு அப்போதே உறுத்தியது. பிள்ளைகளைச் சேர்த்து வைத்து ஊசி போடுகிற கேம்ப்புக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ? ஓட்டுக் கேட்க யாராவது பின்னால் நிற்கிறார்களோ? பக்கத்து வீட்டுச் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏடி, ஒனக்குப் பேய் பிடிச்சாக்கூட, ஒன்னய யாரு அனுப்புனாகன்னு அதுகிட்ட கேப்ப!"

வேறு வழியில்லாமல் பிள்ளையை அங்கே விட்டேன். மகள் நன்றாகத்தான் இருந்தாள். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம், மகளுக்குச் சளி என்று பார்க்கப் போனேன். கஞ்சி யார் முறையில் காய்ச்சினாலும் ஊற்றுவது அந்த மேலத்தெரு அக்காதான்; அன்றைக்கும் அவர்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அலுமினியத் தட்டையும் ஒருதரம் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை முன்னால் வைத்தார். கழுவப் போட்டிருந்த தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சிலவற்றின் அடியில் சிவப்புப் பொட்டு. எங்கள் கடைச் சாக்குகளில் குறி போடுகிற அதே பெயிண்ட். மறுநாளும் போய்க் கதவோரம் நின்றேன். பொட்டு வைத்த தட்டெல்லாம் மேலத்தெருப் பிள்ளைகளுக்குப் போயிற்று. என் மகள் முன்னால் வந்தது வெறும் தட்டு.

"தட்டுல என்னக்கா செவப்பா?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"அதுவா? கலியாணத்துக்குப் பாத்திரம் எரவல் குடுத்தா பொட்டு வப்போம்ல, அதுமாதிரித்தேன் புள்ள. எங்க வீட்டுத் தட்டு காணாமப் போயிறக் கூடாதுல்ல."

வைப்போம்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் காணாமல் போகாமல் இருப்பதற்கு வைத்த பொட்டைச் சாப்பாடு போடும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

சித்தியிடம் சொன்னேன். அவள் இந்தத் தடவை தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "சண்டை போடு, நானும் வாரேன்" என்றாள். எனக்குத் துணிச்சல் வரவில்லை. சண்டை போட்டால் மேலத்தெரு விலகும், கிட்டங்கியைப் பூட்டுவார்கள். என் வேலை போகும், இல்லையென்றால் மகள் காலில் கயிறு ஏறும். பேசாமல் இருந்தால், தனித் தட்டுதான் தனக்கென்று மகள் பழகிவிடுவாள். வெளியே தொங்கிய கிளாஸை நான் பழகிக்கொண்டது இப்படித்தானே.

தட்டுக் கழுவுகிற முறை எனக்கு வந்தது. கடையில் சாக்குக்குக் குறி போடுகிறவரிடம், "அண்ணே, சுளகு மாறிப்போகுது, கொஞ்சம் பெயிண்ட் தாங்க" என்று கேட்டு, ஒரு சிரட்டையில் வாங்கிக்கொண்டேன். எல்லாத் தட்டையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் காயவைத்து, பொட்டில்லாத ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு வைத்தேன். அவசரத்தில் சிலது கோணலாகப் போயிற்று.

மறுநாள் சோற்று நேரத்துக்குச் சித்தியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். அக்கா ஒரு தட்டைக் கவிழ்த்தார், பொட்டு. அடுத்ததிலும் பொட்டு. அடுக்கின் அடியில் இருந்ததை உருவிப் பார்த்தார், அதிலும் பொட்டு. பிள்ளைகள் பசியில் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"யாரு புள்ள பாத்த வேலை இது?"

"நாந்தேன்க்கா. எங்க தட்டும் காணாமப் போயிறக் கூடாதுல்ல."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் முகம் என்னவோ போல் ஆனது. விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவருடைய மகனும் அந்த வரிசையில் இருந்தான். "அம்மா, ஊத்தும்மா" என்று சிணுங்கினான். அவர் கரண்டியை எடுத்தார். கைக்கு வந்த தட்டுகளை வந்தபடியே போட்டு ஊற்றிக்கொண்டு போனார். மகனிடம் வந்தபோது மட்டும், தட்டை முந்தானையால் ஒருதரம் துடைத்தார்.

அது ஈரத்துக்காகத் துடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் குடித்தான். என் மகள் அதற்குள் தட்டை வழித்து நக்கிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஊற்றினார். அதைப் பார்த்த பிறகுதான் கடைக்குத் திரும்பினேன். மறுநாளும் போய்க் கதவோரம் நின்றேன்.