என் தம்பி முகம் சிவந்த கதை

என் தம்பி இசக்கிமணி பட்டாளத்தில் வண்டி ஓட்டியவன். பனியிலும் மணலிலும் ஓட்டி, ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்றான். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டு, பக்கத்துத் தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவராகச் சேர்ந்தான். காலையில் டயரைத் தட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை ஏற்றுவான். தம்பியைப் பற்றி நான் பெருமை பேசுகிறேன் என்று தெருவில் சொல்வார்கள். பேசத்தான் செய்தேன். பேசும்படி நடந்துகொண்டான்.

குடி கிடையாது. பட்டாளத்துக்காரர்களுக்கு கேன்டீனில் கிடைக்கிற பாட்டிலை அவன் வாங்குவதே இல்லை. எதிர்வீட்டு பேச்சிராஜுக்கு அது பொறுக்கவில்லை.

“ஒமக்கு வேண்டாம்னா எனக்கு வாங்கித் தாரும் அண்ணாச்சி. சர்க்கார் குடுக்கத வீணாக்கலாமா?”

“நான் தொடாதத ஒனக்கு மட்டும் எதுக்குடே ஊத்தணும்?”

அன்றிலிருந்து பேச்சிராஜ், இசக்கிமணி எல்லாப் பாட்டிலையும் தானே குடிக்கிறான், அதனால்தான் பிறருக்குத் தருவதில்லை என்று சொல்லித் திரிந்தான். பட்டாளத்துக்காரன் குடிக்க மாட்டான் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஊருக்கு வந்த பிறகு தம்பிக்குச் சர்க்கரை வந்தது. கூடவே ஆண்மைக் குறைவும் வந்தது. இரண்டாவது அவன் மனைவி சங்கரேஸ்வரியைத் தவிர யாருக்கும் தெரியாது. தென்காசியில் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் எபனேசரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அதனால் குற்றாலத்துக்குப் போனான். சீசனுக்கு வந்த ஒரு வைத்தியர் லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு டப்பாப் பொடியைக் கொடுத்து, “எல்லாம் மூலிகை. பக்கவிளைவே கிடையாது. காலையில வெறும் வயித்துல பால்ல கலக்கிக் குடிங்க” என்றாராம்.

பொடி வேலை செய்தது. கூடவே, வேன் எடுக்கிற நேரத்துக்கு முகம் காது வரை சிவந்தது. மூக்கு அடைத்தது. மண்டை விண்விண் என்று தெறித்தது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை லேசான நீலமாகத் தெரிந்தது. மூலிகை அப்படிச் செய்யாது என்று நம்பியதால், இதெல்லாம் உடம்புச் சூடு என்று முடிவு கட்டிவிட்டான். லீவு நாளில் குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்து, அருவியில் தலையைக் காட்டிவிட்டு வருவான். எண்ணெயும் தண்ணீரும் கண்ணை இன்னும் சிவக்க வைத்தன. மறுநாள் காலையில் திரும்பவும் பால், திரும்பவும் பொடி.

“என்னலே மணி, கண்ணு கோவப்பழம் மாதிரி இருக்கு?” என்று கேட்டேன்.

“சாரல் காத்து ஒத்துக்கிடலக்கா.”

பேச்சிராஜின் மகள் ஸ்வாதியும் அந்த வேனில்தான் போனாள். ஒரு நாள் வேனை மறித்து, “ஏலே, டிரைவர் மூஞ்சியப் பாருங்கலே! விடியுமுன்ன ஏத்திட்டு வந்திருக்கான்” என்று தெருவையே கூட்டிவிட்டான். பள்ளிக்கூடத்து கரஸ்பாண்டண்ட் ஆதித்தன் ஊதிப் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து ஊதச் சொன்னார். சாராயம் துளிகூட இல்லை என்று காட்டியது.

“அப்போ கஞ்சா” என்றான் பேச்சிராஜ்.

பெற்றோர் கூட்டம் போட்டார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்ததால் தம்பி என்னைக் கூப்பிட்டான். கூட்டத்துக்கு முன்னால், முகம் ஏன் இப்படிச் சிவக்கிறது என்று கேட்கத் தென்காசிக்குப் போய் டாக்டர் எபனேசரிடம் நுழைந்தான். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. பொடியில் அலோபதி மாத்திரையை அளவில்லாமல் அரைத்துக் கலந்திருப்பார்கள், அதை உடனே நிறுத்த வேண்டும். முறையான மாத்திரை இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தோதாகக் குறைந்த அளவில் தொடங்கலாம், ஆனால் வண்டி ஓட்டாத நாளில்தான் போட வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. பார்வை திடீரென்று மங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “ஒரு மருந்தால வந்ததுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்றாராம்.

அப்படித்தான் சொன்னான். “ஒரு மருந்து ஒத்துக்கிடாமப் போச்சு சார். இப்போ நிறுத்திட்டேன்.”

“என்ன மருந்து?” என்றார் ஆதித்தன்.

“உடம்புக்கு.”

“உடம்புக்குன்னா?” பேச்சிராஜ் எழுந்து நின்றான். “எங்க பிள்ளைக உசிரு ஒம்ம கையில இருக்கு. கஞ்சா இல்லன்னா பேரச் சொல்லும். சொல்ல முடியலேல்லா?”

தம்பி என்னைப் பார்த்தான். அந்த அறையில் அவனைத் தூக்கி வளர்த்தவள் நான் ஒருத்திதான். எழுந்து வெளியே போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவன் கஞ்சா குடிக்கவில்லை என்பதை என் காதால் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பட்டாளத்தில் அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னான்: “ஆண்மைக் குறைவுக்குச் சாப்பிட்டேன். குற்றாலத்துல ஒருத்தர் பால்ல கலக்கிக் குடிக்கப் பொடி குடுத்தார். அதுல மாத்திரை கலந்திருந்தது எனக்குத் தெரியாது.”

பின் வரிசையில் ஒருத்தன் இருமுகிற மாதிரி சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“எல்லையக் காத்தாராம்லா!” என்றது ஒரு குரல்.

பேச்சிராஜ் சிரிக்கவில்லை. “அந்த மாதிரி மருந்து சாப்பிடுத ஆள நம்பிப் பொம்பளப் பிள்ளைகள எப்படி சார் அனுப்புதது?” என்றான்.

சிரித்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். டாக்டர் சொன்னதைத் தம்பி விளக்க வாயெடுத்தான். யாரும் விடவில்லை. எத்தனை வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினான் என்று நான் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

ஆதித்தன் வாசல் வரை கூடவே வந்தார். நல்ல மனுஷர்தான். “குடிச்சிருந்தாக்கூட மன்னிப்பு எழுதி வாங்கிட்டு விட்டிருப்பேம்மா. இத நான் எப்படிச் சமாளிக்க?” என்றார்.

தம்பி இப்போது புளியறை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறான். செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில், “அண்ணாச்சிக்குப் பால்! பொடி அவரே போட்டுக்கிடுவாரு” என்று சத்தம் போடுகிறார்களாம். காசைக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுவான். தெருவில் சங்கரேஸ்வரியைப் பார்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவள் என்னிடம் ஒரு தடவைதான் அழுதாள்.

“மாத்திரை அட்டை பிரிக்காமலே கெடக்கு மதினி. கதவச் சாத்தினாலும் தெருவே எங்க ரூமுக்குள்ள நிக்கித மாதிரி இருக்கு. அவரும் கிட்ட வாரதில்ல, நானும் கூப்பிடுததில்ல.”

போன வாரம் சர்க்கரை பார்க்க அவனோடு டாக்டரிடம் போனேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் நானும் உள்ளேயே உட்கார்ந்தேன்.

“புது மாத்திரை எப்படி இருக்கு? தலைவலி, மூக்கடைப்பு ஏதும் உண்டா?” என்று கேட்டார் டாக்டர் எபனேசர்.

“ஒண்ணும் இல்ல சார்.”

“முகம் செவக்குதா?”

“இல்ல சார்.”

“நல்லது. உடம்பு ஒத்துக்கிட்டுது. இதே அளவுல சாப்பிடுங்க” என்று சொல்லி, இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். தம்பி அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மருந்துக் கடையைத் தாண்டி நேராக நடந்தான்.