அத்தானுக்கு ஜிங்க் குறைந்த கதை

என் அக்காள் கணவர், அதாவது அத்தான், மலாக்கா டவுனில் பேங்க் ஆபீசராக இருந்தவர். எதைக் கொடுத்தாலும் புரட்டிப் பார்த்துச் சந்தேகப்படுவது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்றபோது அந்தக் குணத்தையும் ஆபீசிலேயே ஒப்படைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டுரியான் துங்காலில் இருக்கும் அவர் வீட்டுக்குச் சத்து மாத்திரை விற்கும் அம்மாள் ஒருவர் வந்தார். கோயில் பழக்கம். கையில் லேப்டாப்பும் அதில் செருகிய பித்தளைக் குழாயும். குழாயைப் பிடித்தால் போதுமாம், உடம்பில் எந்தத் தாது எவ்வளவு என்று திரை சொல்லிவிடுமாம். அத்தான் பயபக்தியோடு பிடித்தார்.

"அண்ணே, உங்களுக்கு ஜிங்க் ரொம்பக் கம்மி லா. முடி கொட்டுதா?"

எழுபதை நெருங்குகிற மனிதருக்கு முடி கொட்டாமல் முளைக்கவா செய்யும்? அத்தானோ வியந்துபோய், "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

அடுத்து நான். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. சும்மா பிடித்துப் பார்த்தேன். அந்த அம்மாள் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு படித்தார்: செலினியம் குறைவு, குரோமியம் குறைவு, புரோஸ்டேட் லேசாக வீக்கம்.

"அக்கா, பொம்பளைக்கு ஏது புரோஸ்டேட்?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"அது அண்ணனுக்குப் போட்ட செட்டிங்கை மாத்த மறந்துட்டேன். மத்ததெல்லாம் கரெக்ட்டுதான்."

அத்தான் என்னைத்தான் முறைத்தார்.

அன்றிலிருந்து ஜிங்க் மாத்திரையை வேளைக்கு வேளை விழுங்கினார். சில மாதங்களில் முகம் வெளுத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. கால் விரல்கள் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை. அந்த அம்மாளுக்குப் போன் போட்டார். உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிற அறிகுறி அது, மாத்திரையைக் கூட்டுங்கள் என்று பதில் வந்தது. கூட்டினார். டாக்டரிடம் போகலாம் என்று அக்காள் கெஞ்சியதற்கு, "அவனுங்க வியாபாரிங்க" என்றார்.

ஒருநாள் பசாரில் கால் தடுமாறி மீன்கடை முன்னால் விழுந்தார். அக்காள் அதற்குமேல் அவர் பேச்சைக் கேட்கவில்லை. என்னை வரச்சொல்லி, இருவருமாக அவரைக் காரில் ஏற்றி மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா மாத்திரை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜிங்க் அளவுக்கு மீறினா செம்பை உடம்பு ஏத்துக்காது, அங்கிள். செம்பு உடம்புக்குத் துளிதான் வேணும். ஆனா அது இல்லாம ரத்தமும் ஊறாது, நரம்பும் வேலை செய்யாது."

"எனக்கு ஜிங்க் கம்மின்னு மெஷின் சொல்லுச்சே?"

"எந்த மெஷின்?"

குழாய் விஷயத்தை நான்தான் சொன்னேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே, பாவம்.

ஜிங்க்கை நிறுத்தி, செம்பு கொடுத்தார்கள். முகத்தில் ரத்தம் திரும்பியது. விரல்களின் மரமரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. கைத்தடியோடுதான் நடக்கிறார்.

செய்தி கேட்டு அந்த அம்மாள் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். நலம் விசாரித்த கையோடு, "செம்பு குறைஞ்சிடுச்சாமே அண்ணே? எங்க கம்பெனியில அதுவும் இருக்கு லா" என்றார்.

அத்தான் என்ன விலை என்று கேட்க வாயெடுத்தார். அக்காள் கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்து, "விருந்தாளியை வாசல் வரைக்கும் விட்டுட்டு வாங்க" என்றாள்.