உர்சுலா கதவைத் திறந்த காட்சி

செந்தூல் ரயில்வே பட்டறையில் வெல்டராக இருந்த லியனார்ட் தன் வாழ்நாளில் எடுத்தது ஒரே ஒரு படம். அதன் பெயர் ‘அடைத்த கடை’. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடுகளுக்குப் போய் வீடியோ எடுப்பார். அந்தக் கேமராவை வைத்துக்கொண்டே 1986-இல் அதையும் எடுத்து முடித்தார்.

கதை சின்னது. ஒரு மழை மாலை. மளிகைக் கடைக்குள் நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் நடந்த கொலையைப் பார்த்துவிட்ட ஓர் இளைஞன் ஓடிவந்து உள்ளே ஒளிகிறான். கொலைகாரக் கும்பல் கடையைச் சூழ்ந்துகொள்கிறது. போன் வயர் அறுக்கப்படுகிறது. “அவனை மட்டும் அனுப்பிடுங்க, மத்தவங்களைத் தொட மாட்டோம்” என்று வெளியிலிருந்து குரல் வருகிறது. கடைசியில் அங்கே அரிசி வாங்க வந்திருந்த ஒரு குடும்பத்துப் பெண் எழுந்துபோய்க் கதவைத் திறந்து அவனை வெளியே அனுப்பிவிடுகிறாள். அவ்வளவுதான், படம் முடிந்தது.

அந்தப் பெண்ணாக நடித்தவர் லியனார்டின் மனைவி உர்சுலா. இளைஞனாக நடித்தவன் உர்சுலாவின் சொந்தத் தம்பி ஜெயராஜ். கடை தெரிந்த மளிகைக்காரர் ரெங்கசாமியுடையது, ஞாயிறு மதியம் அடைத்த பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். கூரை மேலிருந்து ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டால் மழை. சிராப் என்ற சிவப்புச் சர்பத்தைக் கெட்டியாகக் கலந்தால் ரத்தம். குண்டர்கள் மொத்தம் நான்கு பேர், எல்லாரும் பட்டறை ஆட்கள். பத்துப் பேராகத் தெரிய வேண்டுமென்று சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் தாண்டி நடந்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் மண்டபத்தில் இரண்டு டிவி பெட்டிகளை மேசைமேல் ஏற்றி வைத்துப் படத்தைப் போட்டார்கள். தொடக்கத்தில் நல்ல சிரிப்பு. “டேய், அந்த ஆளு இப்பதான் பச்சைச் சட்டையில போனான்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். வசனத்துக்கு நடுவில் நிஜ ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனபோதும் சிரித்தார்கள். ஆனால் திரையில் உர்சுலா எழுந்து கதவை நோக்கி நடக்கத் தொடங்கியதும் மண்டபம் அடங்கிவிட்டது. தாழ்ப்பாளில் கைவைத்தவள், கொஞ்சம் நின்று, பையனின் சட்டையில் கழன்றிருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு கதவைத் திறந்து அவனை வெளியே தள்ளினாள். பொத்தான் போடச் சொல்லி லியனார்ட் எழுதிக் கொடுக்கவில்லை. உர்சுலாவாகச் செய்தது.

விளக்கு போட்டதும் சண்டை ஆரம்பித்தது.

“நம்ம பொம்பளைங்க அப்படிச் செய்வாங்களா? என்னா படம் லா இது!” என்றார் ஒருவர்.

“உள்ளே உன் பிள்ளையும் இருந்தா நீ என்னா செய்வே? உண்மையைச் சொல்லு,” என்றார் இன்னொருவர்.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாலசுந்தரம் யாழ்ப்பாணத்துப் பேச்சை விடாதவர். அவர் லியனார்டைத் தனியே கூப்பிட்டார். “தம்பி, எங்கட ஆக்கள் இப்படியெண்டு காட்டலாமே? பிழை. முடிவை மாத்தும்.”

இதையெல்லாம் லியனார்ட் தாங்கிக்கொண்டார். மறுவாரம் பாசார் சந்தையில் நடந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு புஷ்பவல்லி, நாலு பேர் கேட்கும்படி, “மனசுல அந்த மாதிரி இருந்தாத்தான் அப்படி நடிக்க வரும். சொந்தத் தம்பியையே தள்ளுனா, பாத்தீங்களா?” என்று சொல்லியிருக்கிறாள். உர்சுலா வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். லியனார்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

“முடிவை மாத்திடுறேன்,” என்றார்.

“எதுக்கு? அது சரியாத்தானே இருக்கு.”

“உன்னைப் பத்தி ஊரெல்லாம் பேசுது.”

“பேசட்டுமே. மாத்தாதீங்க.”

அவர் கேட்கவில்லை. மனைவியின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டார். ஒருவரிடம் பழைய ஜீப்பை இரவல் வாங்கி, போலீஸ் வந்து எல்லாரையும் மீட்பதுபோல் எடுத்தார். கதவைத் திறக்கப் போன உர்சுலா மனம் மாறி, ஜெயராஜைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். இந்தக் காட்சியை அவர் புது டேப்பில் எடுக்கவில்லை. பழைய முடிவு இருந்த இடத்திலேயே, அதன் மேலேயே பதிந்தார். வேறு பிரதி கிடையாது. அழித்துவிடுவதுதான் நல்லது என்றும் அப்போது அவருக்குத் தோன்றியது.

புதிய படம் கிள்ளான் வரைக்கும் வீடியோ கடைகளுக்குப் போனது. புஷ்பவல்லி, “இப்பத்தான் குடும்பத்தோட பாக்குற மாதிரி இருக்கு,” என்றாள். பாலசுந்தரம் இரவல் வாங்கிய டேப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வாசலிலேயே நின்றார்.

“தம்பி, முந்தின படத்தைப் பார்த்திட்டு ரெண்டு இரவு நித்திரை இல்லை. இதைப் பார்த்துக்கொண்டு இருக்கேக்கையே நித்திரையாப் போனன். அதை ஒருக்காத் தாரும், திரும்பப் பார்க்கவேணும்.”

“அது இல்ல அங்கிள். அழிச்சிட்டேன்.”

பாலசுந்தரம் டேப்பை அவர் கையில் வைத்தார். “நான் சொன்னதையோ கேட்டனீர்?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு லியனார்ட் படம் எடுக்கவில்லை. கல்யாணங்களுக்கு மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். யாராவது நடிக்கக் கூப்பிட்டால் உர்சுலா, “வேற ஆளைப் பாருங்க லா,” என்று சிரித்து ஒதுங்கிவிடுவார்.

தொண்ணூற்றைந்தில் ரவாங்கில் ஒரு கல்யாண விருந்து. மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த விஜயன் என்பவர், லியனார்ட் யாரென்று தெரிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“அண்ணே, அந்தக் கடைப் படம் நீங்க எடுத்ததா? பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துல நாங்க பாத்தோம். அந்தப் பொத்தான் போடுற இடம் இருக்கு பாருங்க, அந்தம்மா அழுதுகிட்டே போடுவாங்க. இன்னிக்கும் கண்ணுல நிக்குது.”

“அழல,” என்றார் பக்கத்திலிருந்த விஜயனின் மனைவி. “ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அதனாலதான் எனக்கு பயமா இருந்துச்சு. கல் மாதிரி நின்னா அவ.”

“நீ சரியா பாக்கல.”

“நீங்கதான் பாக்கல.”

இருவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே சண்டை போட்டார்கள். அந்தம்மா தங்கள் மேசையிலேயே, ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. லியனார்ட் சொல்ல வாயெடுத்தார். உர்சுலா லேசாகத் தலையசைத்து வேண்டாம் என்றார்.

திரும்பி வரும்போது காரில் லியனார்ட் கேட்டார்.

“நீ அன்னிக்கு அழுதியா?”

“கேமரா பின்னால நின்னது நீங்க.”

“நினைவில்ல. எவ்வளவோ நினைச்சுப் பாத்துட்டேன், முகம் வர மாட்டேங்குது.”

உர்சுலா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

“எனக்கும் தெரியாது,” என்றார். “நான் அதைப் பாக்கவே இல்லையே. மண்டபத்துல அத்தனை பேர் நடுவுல என் முகத்தை நானே பாக்க வெக்கமா இருந்துச்சு, வெளிய போய் நின்னுட்டேன். வீட்டுல ஒரு நாள் தனியா போட்டுப் பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

ஒன்பது வருஷமாக அவர் இதைச் சொன்னதில்லை. லியனார்ட் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஓட்டுங்க,” என்றார் உர்சுலா. “நாளைக்குக் காலையில பூசைக்குப் போகணும்.”