மூன்று ராஜாவைக் கவிழ்த்த ஞாயிறு

1. கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க மலை அலுவலகத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கீழிருந்து உத்தரவு வந்தது.
2. யார் என்பதைச் சீட்டாடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.
3. மற்ற இருவருக்கும் போக்கர் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.
4. காசு கிடையாது. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை; மூன்று ஞாயிறு மதியம். முடிவில் யாரிடம் கொட்டை குறைவோ அவர் மலையில் இருப்பார்.
5. முதல் ஞாயிறு முடிந்தபோது என்னிடம் முப்பத்தொரு கொட்டை இருந்தது.
6. அன்று மாலையிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை.

ஜவ்வாது மலையில் சோலார் பம்புகளைப் பராமரிக்கும் சிறிய கிளை எங்களுடையது. நான் இன்ஜினியர். படவேட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர். வாணியம்பாடிக்காரரான ஃபிட்டர் ஒருவர். அவரை எல்லாரும் பாய் என்போம். நான்காவது ஆள் டிரைவர் அண்ணன். அவர் உள்ளூர்க்காரர் என்பதால் போட்டியில் இல்லை. சீட்டுப் போடுவது அவர் வேலை.

அந்த வாரம்தான் கண்ணமங்கலத்தில் என் தங்கைக்குப் பிரசவத் தேதி. அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாது. நீ பக்கத்தில் இருந்தால்தான் எனக்குப் பயமிருக்காது என்று தங்கை தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். காரணத்தைச் சொல்லி விடுப்பு கேட்டிருக்கலாம். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சலுகை கேட்கிறாள் என்ற பேச்சு வேண்டாம் என்று நினைத்தேன். அதோடு, கல்லூரி விடுதியில் போக்கரில் என்னை யாரும் எளிதில் ஜெயித்ததில்லை.

ஆட்டம் எளிது. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. சுற்றுக்குச் சுற்று கொட்டை வைக்க வேண்டும்; ஒருவர் வைத்ததற்குச் சமமாக வைத்தால் வருவது, அதற்கு மேல் வைத்தால் கூட்டுவது. கை சரியில்லை என்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். ரம்மிப் பழக்கத்தில் இவர்கள் அதை ஸ்கூட் என்றார்கள். விடுதியில் நான் ஜெயித்ததெல்லாம் கையில் ஒன்றுமில்லாமலே கொட்டையை அள்ளி வைத்து மிரட்டித்தான். எதிராளி பயந்து கவிழ்த்துவிடுவாள்.

இங்கே யாரும் பயப்படவில்லை. நான் முப்பது கொட்டையை நகர்த்தினேன். அக்கா தன் சீட்டை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"சரி பாப்பா, நானும் வர்றேன்."

அவரிடம் இருந்தது இரண்டு நாலு. என்னிடம் அதுவும் இல்லை. கொட்டை போனது. அடுத்த முறை பாயை மிரட்டினேன். அவரும் வந்தார்.

"ஸ்கூட் அடிக்கலாமே பாய்?" என்றேன்.

"அரே, வாரம் பூரா மலை ஏறி பம்பு பாக்கறேன். ஞாயித்துக்கெழம சீட்ட மூடி வெச்சிட்டு மோட்டுவளைய பாக்கவா? இன்னாதான் கீதுன்னு பாத்துட்டுப் போலாம், வைங்க இன்ஜினியரம்மா."

"மேடம் காலேஜ்ல படிச்ச ஆட்டம். நமக்கு இன்னா தெரியும்?" என்று டிரைவர் அண்ணன் சீட்டைக் கலைத்தபடி இருமினார்.

அந்த இருமல் என் மனதில் தங்கிவிட்டது. அறைக்குப் போய், பம்பு வேலைகளைக் குறிக்கும் சைட் நோட்டில் எழுதினேன். சீட்டுப் போடுபவர் இருமியதும் அக்கா வந்தார். என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி; என் சீட்டு அதில் தெரிந்திருக்கலாம். ஆட்டம் தெரியாது என்ற இருவரும் ஜெயித்தார்கள். இது போதாதென்று புதன்கிழமை ஸ்டோருக்குள் நுழைந்தபோது, அக்கா மடியிலிருந்த எதையோ அவசரமாக மேசைக்கடியில் தள்ளினார். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு அலமாரிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். முதல் இருபது ஆட்டத்தில் இருமலையும் அக்கா உள்ளே வந்ததையும் தனித்தனியாகக் கோடு போட்டுக் குறித்தேன். அண்ணன் ஆறு தடவை இருமினார். அக்கா பத்தொன்பது தடவை வந்தார். இருமினாலும் வந்தார், இருமாவிட்டாலும் வந்தார். வராத ஒரு தடவை அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

சைகை எதுவும் இல்லை. இவர்கள் எல்லாவற்றுக்கும் வருகிறவர்கள், அவ்வளவுதான். தாங்களாகக் கூட்டி வைப்பதும் இல்லை. அப்படியானால் மாற வேண்டியது நான். மிரட்டுவதை அன்றே நிறுத்தினேன். சுமாரான கையை முதலிலேயே கவிழ்த்தேன். நல்ல கை வந்தால் கூச்சப்படாமல் நிறைய வைத்தேன், எப்படியும் வருவார்கள். கடைசியாக ஒரு விதி: எப்போதும் கூட்டாதவர் திடீரென்று கூட்டினால் அவர் கையில் பெரிதாக ஏதோ இருக்கிறது; ஓடிவிட வேண்டும். அன்று எழும்போது என்னிடம் தொண்ணூறுக்கு மேல் சேர்ந்திருந்தது.

மூன்றாவது ஞாயிறு நான்கு மணிக்கு முடிப்பதாகப் பேச்சு. மூன்றேகாலுக்கு என் கையில் இரண்டு ராஜா. நடுவில் இன்னொரு ராஜா. மூன்று ராஜா என்பது சாதாரணமாகக் கிடைக்கிற கை இல்லை. ஆனால் நடுவிலிருந்த ஐந்தில் நான்கு ஆட்டின். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர்ந்தால் அது மூன்று ராஜாவைவிடப் பெரிய கை; யாரிடமாவது ஒரே ஒரு ஆட்டின் இருந்தால் என் ராஜாக்கள் செல்லாது.

பாய் அதற்குள் தேநீருக்கு எழுந்துவிட்டார். நான் பத்து வைத்தேன். அக்கா ஐம்பது வைத்தார்.

மூன்று வாரத்தில் அவர் கூட்டியது அது ஒரே தடவை. விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தேன். சீட்டைக் கவிழ்த்தேன்.

"அய்ய, இன்னா பாப்பா ஸ்கூட் அடிச்சிட்ட?"

ஜெயித்தவர் குரல் அப்படி இருக்காது. கை நீட்டி அவர் சீட்டைத் திருப்பினேன். இஸ்பேட் ஏழு, கிளாவர் ரெண்டு. ஆட்டினும் இல்லை, ஜோடியும் இல்லை.

"ஒண்ணுமே இல்லாம ஐம்பது வெச்சீங்களாக்கா?"

"நீ வருவேன்னு பாத்தேன்."

"வந்தா நீங்க தோத்திருப்பீங்க."

"அதுக்குத்தான் வெச்சேன்."

கண்ணாடித் தம்ளரோடு பாய் வாசலிலேயே நின்றார். அக்கா கொட்டைகளைத் திரும்ப என் பக்கம் தள்ளப் பார்த்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கிறிஸ்மஸுக்கு வூட்டுக்குப் போனா முப்பது பேருக்கு நான்தான் ஆக்கணும். கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு தபா கூட கிறிஸ்மஸ் பூசைல முழுசா உக்காந்ததில்ல. பாதில எழுந்து கறி வேவ வைக்கப் போவணும். இங்க சின்ன கோயிலு. முழு பூசை பாத்துட்டு வந்து, ரசஞ்சோறு துன்னுட்டு தூங்கணும் எனக்கு."

"அத நேராவே சொல்லியிருக்கலாமே?"

"நானே இருக்கேன்னா, மாமியார் வூட்ல வேணும்னே வரலன்னுவாங்க. தோத்து, டூட்டி விழுந்திச்சின்னா யாரு இன்னா சொல்ல முடியும்? தோக்காமயே தோத்தேன்னு சொல்ல எனக்கு வராது. அப்பால ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல அத வேற சொல்லணும்."

பாய் சிரித்ததில் தேநீர் சிந்தியது. "தோக்கறதுக்கு ஆடினவங்க மொத வாரம் இன்ஜினியரம்மாவ மொட்ட அடிச்சாங்களே!"

"நான் இன்னா பண்ணட்டும்? எப்ப பாத்தாலும் இந்தப் பொண்ணு கைல ஒண்ணுமில்லாமலே வெச்சிச்சி."

மீதி நேரத்தை ஒழுங்காக ஆடித் தீர்த்தோம். வேண்டுமென்று யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அக்காவின் நிபந்தனை. எனக்கும் அது சம்மதம். நல்ல கைக்குக் காத்திருந்து நிறைய வைத்தேன். அவர் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் வந்தார். நான்கு மணிக்கு அவரிடம் பதினேழு கொட்டை மிஞ்சியது.

திங்கட்கிழமை காலை அக்கா என்னிடம் ஒரு துணிப்பை கொடுத்தார். உள்ளே பழைய நூல் புடவையைக் கிழித்து, ஓரத்தைக் கையால் மடித்துத் தைத்த வெள்ளைத் துணிகள், குழந்தைக்கு. எண்ணினேன். இருபத்து நான்கு. ஒரு ராத்திரியில் தைக்கக்கூடியது இல்லை. தங்கையின் பிரசவத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மலையில் எனக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் ஸ்டோர் வாசல்.

அப்படியென்றால் முழுப் பூசை ஆசை உண்மையா, எனக்காகச் சொன்னதா? கேட்டேன். "ரெண்டுக்கும் சேத்துதான்னு வெச்சிக்கோயேன்" என்று ஸ்டாக் ரெஜிஸ்டரைத் திறந்துகொண்டார். அவருக்குப் பொய் வராது என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.

டூட்டித் தாளில் அக்காவின் பெயர் ஏறிவிட்டது. பாய் மகளோடு மாமியார் ஊருக்குப் போகிறார். நான் சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்குகிறேன். தங்கைக்கு இன்னும் வலி எடுக்கவில்லை.